கல்லாத்துத் தோட்டத்துக் கவசக் காடி

வீராசாமிக்குக் கார் பேச்சு என்றால் சோறு தண்ணி வேண்டாம். தோட்டத்துக் கடைக்கு டீ குடிக்க வந்தவன் எவனாவது தெரியாத்தனமாக, "என்னண்ணே, காடி எப்படி ஓடுது?" என்று கேட்டுவிட்டால் தொலைந்தான். டீ ஆறி, ஈ விழுந்து, கடைக்காரர் கதவைச் சாத்தும்வரை விடமாட்டான்.

ஜப்பான்காரன் சண்டைக்கு முந்திய கார்களுக்கு எலும்பெல்லாம் மரம் என்பான் வீராசாமி. மரச்சட்டம் செய்து அதன்மேல் தகரத்தைப் போர்த்தி ஆணி அடித்திருப்பான் வெள்ளைக்காரன். இங்கிலாந்துக் குளிருக்கு அது சரி. மலாக்கா ஈரத்துக்கு மரம் ஊதும், கதவு சாத்தாது, உள்ளே கரையான் குடித்தனம் நடத்தும். பிரேக்கும் அப்படித்தான். காலை வைத்தால் கம்பி இழுக்கும், கம்பி நாலு சக்கரத்தையும் நாலு விதமாக இழுக்கும், காடி தனக்குப் பிடித்த பக்கம் திரும்பும். சண்டைக்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது. உடம்பு முழுக்க இரும்புத் தகடு, ஒரே அச்சில் அழுத்தி எடுத்தது. முன்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சுருள்வில். பிரேக்குக்குள் எண்ணெய்.

"எண்ணெய அழுத்துனா நாலு சக்கரமும் ஒண்ணா கேக்கும்லா. ஒருத்தன் முந்தி ஒருத்தன் பிந்தின்னு கெடையாது."

"நம்ம லயத்து ஆளுங்களுக்கும் அந்த எண்ணெயக் கொஞ்சம் ஊத்துங்கண்ணே" என்று யாராவது சொல்வார்கள். கடையே சிரிக்கும். வீராசாமிக்கும் சிரிப்பு வரும், ஆனால் பேச்சு நிற்காது.

மலாய்க்காரர்கள் சுங்கை பத்து என்று சொல்வதை நம்மவர்கள் கல்லாத்துத் தோட்டம் ஆக்கிவிட்டார்கள். ஜாசினிலிருந்து உள்ளே போகவேண்டும். ரப்பர் மரம் முடிகிற இடத்தில் காடு ஆரம்பித்துவிடும். அங்கே ஹார்லன் துரைக்கு வீராசாமி டிரைவர். அப்பன் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர், அண்ணனும் அதே வேலை. ஜப்பான்காரன் காலத்தில் ஆள் பிடித்தபோது அண்ணனைச் சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுபோனார்கள். அவன் திரும்பி வரவேயில்லை. வீராசாமியைக் கொண்டுபோகவில்லை. பெட்ரோல் கிடைக்காமல் கரிவாயுவில் ஓடிய லோரிகளை ஓட்ட ஆள் வேண்டியிருந்தது, அவனுக்கு ஸ்டீயரிங் பிடிக்கத் தெரிந்திருந்தது. பின்னால் உட்கார்ந்திருப்பவன் போ என்றால் போகவேண்டும், நில் என்றால் நிற்கவேண்டும், வாயைத் திறக்கக்கூடாது. உயிர் பிழைக்கிற வித்தை அவ்வளவுதான் என்று அவன் அந்த மூன்று வருஷத்தில் கற்றுக்கொண்டான்.

துரையின் கார் கப்பலில் வந்து இறங்கியபோது வீராசாமிக்குக் கல்யாணமாகிச் சில மாதம். சாம்பல் நிறம், உருண்ட முதுகு, கியர் பிடி ஸ்டீயரிங் தண்டிலேயே. பெண்டாட்டி வேலாயியை ஒரு நாள் சும்மா உள்ளே உட்காரவைத்துக் காட்டினான். அவள் இருக்கையைத் தடவிப் பார்த்துவிட்டு, "வீட்ல இப்படி ஒரு நாக்காலி இல்ல" என்றாள். அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வருஷம் அவளைக் கேலி செய்தான்.

பேருக்குத்தான் அது துரையின் கார். தோட்டத்து ஆத்திர அவசரத்துக்கெல்லாம் அதுதான் ஓடியது. பிரசவ வலி எடுத்தவள், பாம்பு கடித்தவன், மரத்திலிருந்து விழுந்தவன் எல்லாரும் பின்சீட்டில் சாக்கு விரித்து அதில்தான் மலாக்கா ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பங்களாவிலிருந்து வருகிற மண்சாலை, காட்டோரம் ஒரு இடத்தில் வளையும். பத்தாம் நம்பர் காட்டு வளைவு என்று பேர். தொழிலாளர் குடியிருந்த லயத்திலிருந்து மரங்களுக்கு நடுவே குறுக்கே ஓடினால் காரை அங்கே பிடித்துவிடலாம். யாராவது அங்கே நின்று கையை ஆட்டினால் வீராசாமி நிறுத்துவான், துரையும் ஒன்றும் சொல்லமாட்டார். இது தோட்டத்தில் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம்.

அப்புறம், காட்டுக்குள் போன கம்யூனிஸ்ட்காரர்களோடு சர்க்காருக்குச் சண்டை மூண்டு, எமர்ஜன்சி வந்தது.

லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டார்கள், வாசலில் கான்ஸ்டபிள் நின்றான், அரிசியை அளந்து கொடுத்தார்கள். கம்யூனிஸ்ட்காரர்கள் டெலிபோன் கம்பியை வெட்டுவதும் கம்பெனி ஆட்கள் கட்டுவதுமாக இருந்தது. பக்கத்துத் தோட்டத்து டிரைவர் தம்புசாமி, வீராசாமிக்குக் கியர் மாற்றச் சொல்லிக்கொடுத்தவர், ஒரு நாள் காலையில் முன்கண்ணாடி வழியாகக் குண்டு பட்டுச் செத்தார். பின்சீட்டில் இருந்த துரை தப்பிவிட்டார். வீராசாமி போய்ப் பார்த்தபோது கண்ணாடியில் இருந்த ஓட்டை ஒரு வெள்ளிக்காசு அகலம்கூட இல்லை. அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பயம் என்றால் அப்படி ஒரு பயம்.

ஹார்லன் துரையும் பயந்துவிட்டார். காருக்குக் கவசம் போட பாச்சாங்கில் இருந்த ஒரு பட்டறைக்கு அனுப்பினார். அங்கே வேலை பார்த்தவர் நவரட்ணம். ரயில்வே பட்டறையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர், சட்டைப்பையில் எப்போதும் ஒரு பேனாவும் ஒரு அளவுகோலும் இருக்கும். நாலு கதவுக்கும் கனத்த இரும்புத்தகடு, முதுகுக்கு ஒரு தகடு. முன்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு இரும்புப் பலகை, அதன் நடுவே பார்ப்பதற்கு ஒரு கீற்று.

"எவ்வளவு அகலம் வெட்டுறது எண்டு நீர்தான் சொல்லவேணும். ஓட்டப்போறது நீர்" என்றார் நவரட்ணம்.

"ஒரு வெரல் போதும் ஐயா."

"ஒரு விரலோ? ரெண்டு விரலாவது விடும் காணும். றோட்டு தெரிய வேண்டாமோ?"

"ரோடு எனக்கு மனப்பாடம் ஐயா. சின்னதா வெட்டுங்க. குண்டு நொழையக்கூடாது."

"குண்டு நுழையாத ஓட்டைக்குள்ளால மனுசரும் தெரியாது" என்றார் அவர். ஆனாலும் கேட்டபடியே வெட்டிக் கொடுத்தார். தம்புசாமி செத்த கதை பாச்சாங் வரைக்கும் வந்திருந்தது, அதற்குமேல் அவரால் என்ன வற்புறுத்த முடியும்?

கார் திரும்பி வந்தபோது வீராசாமிக்கு அழுகை வந்தது. உருண்ட முதுகில் பெட்டி கட்டியது போல இரும்பு. கதவைச் சாத்த இரண்டு கையாலும் தூக்கிப் பிடிக்கவேண்டும், கீல் அவ்வளவு இறங்கிவிட்டது. பின்னால் லோரியின் பட்டைவில்லை எடுத்துச் சேர்த்திருந்தார்கள், இல்லாவிட்டால் வண்டி தரையில் உட்கார்ந்துவிடும். முன்சக்கரத்துச் சுருள்வில்லுக்கு அப்படி எதையும் சேர்க்க வழியில்லை, மூக்கைத் தாழ்த்திக்கொண்டே ஓடியது. மேட்டில் ரேடியேட்டர் கொதித்தது. பிரேக்தான் ரொம்பப் பாவம். ஒரு வண்டியின் எடையைக் கணக்குப் பார்த்துத்தான் அதன் பிரேக்கைச் செய்கிறார்கள். எடையை மட்டும் ஏற்றிவிட்டுப் பிரேக்கை அப்படியே விட்டால் அது என்ன செய்யும்? அழுத்தினால் நிற்பதற்கு முன்னால் நெடுநேரம் கதறும். துரை அதற்கும் பழகிவிட்டார்.

கவசம் தாங்குமா என்று பார்க்க ஜாசின் போலீஸ் திடலில் நிறுத்தி ஒரு குண்டு சுட்டார்கள். உள்ளே யாரும் இல்லை, ஆனால் பக்கத்தில் நின்ற வீராசாமிக்குக் காது கிண் என்றது. அன்றைக்கே போலீஸ் அதிகாரி ஒருவர் சுற்றுவட்டார டிரைவர்களை நிற்கவைத்து உத்தரவு போட்டார். நடுவழியில் யார் கையைக் காட்டினாலும் நிறுத்தக்கூடாது. கம்யூனிஸ்ட்காரர்கள் பெண்பிள்ளையை நிற்கவைத்து வண்டியை மறிக்கிறார்கள், அதனால் பெண்பிள்ளையாக இருந்தாலும் கூடாது. இந்த உத்தரவை வெளியே சொல்லவும் கூடாது. சொன்னால் காட்டுக்குள் இருக்கிறவர்கள் காதுக்குப் போய்விடும்.

வீராசாமி சொல்லவில்லை. கடையில் சொல்லவில்லை, வேலாயியிடமும் சொல்லவில்லை. கார் பேச்சையே மென்று மென்று தின்றவன், இந்த ஒன்றை மட்டும் விழுங்கிவிட்டான். சொல்லியிருந்தால் லயத்தில் யாரும் வளைவை நம்பி ஓடியிருக்கமாட்டார்கள்.

அவர்களுடைய பெண் ஜெயாவுக்கு அப்போது மூன்று வயது. மழைக்காலத்தில் சளி பிடித்தது, தொண்டை வலி என்று அழுதது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு வேலாயி வேலைக்குப் போனாள். பொழுது ஏறுவதற்குள் பிள்ளைக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. சேதி கேட்டு வேலாயி ஓடிவந்தாள். தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரஸர் குலம் என்பவர் பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்தார், தொண்டையில் சாம்பல் நிறத்தில் படலம் கட்டியிருந்தது.

"இது என்ர கையில இல்லை பிள்ளை. உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேணும்."

ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு லோரி அப்போதே போய்விட்டிருந்தது. டெலிபோன் செத்துக் கிடந்தது. குலத்திடம் பட்டாளத்தில் ஏலம் எடுத்த பழைய மோட்டார்சைக்கிள் ஒன்று உண்டு. பாலைவனத்திலும் ஓடிய ஜாதி, ஆனால் மழைத்தண்ணி மேக்னட்டோவில் இறங்கிவிட்டால் பொறி வராது. அவர் உதைத்தார், உதைத்தார், செருப்பு அறுந்துபோகிற வரைக்கும் உதைத்தார். அது இருமியதே தவிர எழும்பவில்லை. அந்த நேரத்தில் பங்களாப் பக்கம் கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

வேலாயி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வேலி வாசலைத் தாண்டி, பத்தாம் நம்பர் வளைவைப் பார்த்துக் குறுக்கே ஓடினாள்.

துரைக்கு மலாக்காவில் தோட்டத் துரைமார் கூட்டம். வீராசாமி வழக்கம்போல் கீற்றில் கண்ணை ஒட்டிக்கொண்டு ஓட்டினான். மழை ஓய்ந்து செம்மண் வழுக்கிக்கொண்டிருந்தது. வளைவில் திரும்பியபோது கீற்றின் இடது ஓரத்தில் ஒரு புடவை வந்தது. தலை இல்லை, முகம் இல்லை. இடுப்பும், பச்சைப் புடவையும், அதன்மேல் தொங்கிய இரண்டு சின்னக் கால்களும் மட்டும். அடுத்த நொடி அதுவும் போய்விட்டது.

பச்சைப் புடவை. தீபாவளிக்குத் தோட்டத்துக் கடையில் ஒரே கட்டுத் துணி இறக்கினார்கள், பாதி லயம் அதே பச்சையில்தான் திரிந்தது. யாராகவும் இருக்கலாம். அவன் மனசு இப்படி நினைத்துக்கொண்டிருக்க, கால் தானாகப் பிரேக்கில் ஏறிவிட்டது. காலுக்குத் தெரிந்துவிட்டது.

பிரேக் கதறியது. வண்டி நிற்கவில்லை, அத்தனை இரும்பையும் சுமந்துகொண்டு சேற்றில் இழுத்துக்கொண்டே போனது. பின்னால் துரை, "ஜாலான்! ஜாலான் தெருஸ்!" என்று கத்தினார். போ, நிற்காதே போ. வேகம் குறைந்து குறைந்து, நடக்கிற வேகத்துக்கு வந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் நின்றிருக்கும். அப்போது முதுகுத் தகட்டில் டம் டம் என்று விழுந்தது.

"ஷூட்டிங்!" என்று துரை சீட்டுக்கடியில் குனிந்துகொண்டார். "ஜாலான், போடோ! ஜாலான்!" போ, முட்டாளே, போ.

குண்டு தகட்டில் பட்டால் எப்படிக் கேட்கும் என்று வீராசாமிக்குத் தெரியும். இது குண்டு இல்லை. இது உள்ளங்கை. தெரிந்தே அவன் காலை எடுத்தான். ஏன் எடுத்தான்? பின்சீட்டிலிருந்து வந்த குரல் போ என்றது, அவன் போனான். அவனுக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான்.

மலாக்காவில் கூட்டம் நடந்த கட்டடத்துக்கு வெளியே காரை நிறுத்தினான். பெரியாஸ்பத்திரி அங்கிருந்து நடந்து போகிற தூரம். வேறு டிரைவர்கள் வந்து கவசத்தைத் தட்டிப் பார்த்து, எத்தனை மைல் கொடுக்குது, தண்ணி எவ்வளவு குடிக்குது என்று கேட்டார்கள். கார் பேச்சு! அவன் மனசுக்குள் வேறு பேச்சு ஓடியது. அவளாக இருக்காது, வேறு யாராவது இருக்கும், அப்படியே இருந்தாலும் சும்மா காய்ச்சலாக இருக்கும், லோரி திரும்பி வந்திருக்கும். இதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு அந்த இரும்புக் கதவில் சாய்ந்து நின்றான். துரை வெளியே வந்தபோது சொல்ல வாயெடுத்தான். "துவான்..." என்றான். துரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "பாலிக், சாமி, பாலிக்" என்றார். திரும்பு என்கிறார், வீட்டுக்குத்தானே போகிறோம் என்று அவனும் ஏறிக்கொண்டான்.

துரையைப் பங்களாவில் இறக்கிவிட்டு வந்தபோது, வேலி வாசலில் காவலுக்கு நின்ற சேகரன் தடுப்புக் கயிற்றை இறக்கினான். வேறு நாளாக இருந்தால் கிண்டல் செய்வான். அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணே, வீட்டுக்குப் போங்க" என்றான்.

ஜெயா குலத்தின் அறையிலேயே போய்விட்டாள். லோரி வரவில்லை.

எடுத்துப் புதைத்த பிறகு லயமே வாசலில் உட்கார்ந்திருந்தது. யாரும் அவனைக் குற்றம் சொல்லவில்லை. எல்லாரும் இரும்பைத்தான் திட்டினார்கள். "பாவி மக்கா, மனுசனக் கொண்டுபோய்ப் பெட்டிக்குள்ள அடச்சு வெச்சா அவன் என்னத்தப் பாப்பான்?" என்றாள் முத்தாயி, பக்கத்து வீட்டுக்காரி. வேலாயியும் அதையேதான் சொன்னாள். வந்தவர் ஒவ்வொருவரிடமும் சொன்னாள். "அவர் என்ன செய்வாரு? அந்த ஓட்டையில ஒரு வெரல்கூட நொழையாது. நான் நின்னது அவருக்குத் தெரியவே தெரியாது."

வீராசாமி அந்தப் பேச்சுக்குள் போய் ஒளிந்துகொண்டான். இல்லை, நான் பார்த்தேன் என்று சொல்ல எத்தனையோ தடவை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எதிரே அவள் சோறு போட்டுக்கொண்டிருப்பாள், வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருப்பாள். வார்த்தை திரும்ப உள்ளே போய்விடும். கடையில் கார் பேச்சும் நின்றுபோயிற்று. யாரும் கேட்கவும் இல்லை, கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை. அதே காரைத் தினமும் அதே வளைவில் ஓட்டினான். வேறு என்ன செய்வான்? வேலையை விட்டால் வீட்டையும் விடவேண்டும்.

ஐம்பத்து மூன்றில் மலாக்காவின் ஒரு பகுதியை, கம்யூனிஸ்ட்காரர் தொல்லை நீங்கிய வெள்ளைப் பகுதி என்று அறிவித்தார்கள். கல்லாத்துத் தோட்டமும் அதற்குள் வந்தது. ஊரடங்கு போயிற்று, அரிசி அளப்பு போயிற்று, ஜனங்கள் மூச்சு விட்டார்கள். துரை காரைப் பாச்சாங்குக்கு அனுப்பினார். நவரட்ணம் தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். விஷயம் அவருக்கும் தெரிந்திருந்தது. கீற்று வெட்டிய பலகையைக் கழற்றியபோது வீராசாமியின் முகத்தைப் பார்க்காமல் அதைக் கொண்டுபோய் இரும்புக் குவியலில் போட்டார். புதுக் கண்ணாடி மாட்டி, புதுப் பிரேக் பட்டையும் போட்டுக் கொடுத்தார்.

திரும்பும்போது சாலை அவன் கண்ணுக்கு ரொம்ப அகலமாக இருந்தது. நடந்து போகிறவர்கள் தலையோடும் முகத்தோடும் முழுசாகத் தெரிந்தார்கள். அதைப் பார்க்க அவனுக்குத் தாங்கவில்லை.

லயத்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தினான். பிள்ளைகள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள், பெரியவர்கள் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார்கள். ஒரு கையாலேயே மூடியது. வேலாயி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் கலைந்த பிறகு கிட்டே வந்தாள்.

"பிரேக்கு சத்தம் போடலியே" என்றாள்.

"கனம் கொறஞ்சிருச்சுல்ல. புதுப் பட்டையும் போட்டிருக்கு."

"அன்னைக்கு எப்படிக் கத்துச்சு."

வீராசாமி கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்தான்.

"வளைவு தாண்டினதும் கத்துச்சு. நின்னுரும்னு நெனச்சுப் புள்ளையத் தூக்கிட்டு ஓடியாந்தேன். பின்னால தட்டுனேன். அப்புறம் கத்தறது நின்னுபோச்சு, காடி போயிருச்சு." அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

"தெரிஞ்சுக்கிட்டேவா எல்லார்கிட்டயும் அப்படிச் சொன்ன?"

"ஆமா."

அவன் வாயைத் திறந்தான். இரண்டு வருஷமாகத் தொண்டையில் அடைத்துக் கிடந்தது அப்போதுதான் வெளியே வரப் பார்த்தது. அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"வேணாம், சொல்லாதீங்க. ஏன் காலை எடுத்தீங்கன்னு நான் ஒரு நாளும் கேக்கல, இனியும் கேக்கமாட்டேன். கேட்டா நீங்க சொல்லிருவீங்க. சொன்னப்புறம் நான் எங்க போறது? எனக்கு நீங்க ஒருத்தர்தான இருக்கீங்க."

சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்க உள்ளே போனாள். வீராசாமி கார் சாவியைப் பிடித்தபடி வெளியே நின்றான். பங்களாவிலிருந்து ஆள் வந்து, துரை கூப்பிடுகிறார் என்றான். அவன் போனான்.